கொழும்புக்குப் போன போத்தல் தண்ணீர்

எங்கள் ஒழுங்கைக் கிணற்றுத் தண்ணீர் குடிக்க உகந்தது என்று முத்திரை குத்தி வந்த கடிதம் ஒன்று இன்னமும் என் பெட்டிக்குள் இருக்கிறது. ஓரங்களைக் கரையான் தின்றுவிட்டது. கையெழுத்தை மட்டும் தொடவில்லை. அதற்கும் அது பிடிக்கவில்லையோ என்னவோ. அந்தக் கடிதத்தை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். வயது போகப் போகக் கோபம் தணியும் என்று சொல்லுகிறவர்கள் என்னிடம் வந்து சொல்லட்டும்.

கடிதத்தை அனுப்பிய அரசாங்கக் கந்தோரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த ஒன்று மட்டும்தான் அப்படி என்று மற்றவை தப்பித்துக்கொள்ளும்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருடங்கள் முந்திய காலம் அது. நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்துக்கொண்டு அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளைகளுக்குத்தான் சீதனமாகப் போகும். ஆகவே வீடு அக்காவுடையது, அத்தான் அதில் வந்து இருப்பவர். அவரும் வருடத்தில் பாதி நாள் இருக்கமாட்டார். வாவிக்கு அந்தப் பக்கம், வவுணதீவுக்கும் அப்பால் அவருக்கு வயல் இருந்தது. விதைப்புத் தொடங்கினால் வட்டை வெளியிலேயே ஒரு வாடிக் குடிசை கட்டிக்கொண்டு வயலோடு தங்கிவிடுவார். கிழமைக்கு ஒரு தரம் தோணியில் வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போவார். மற்ற நாட்களில் வீட்டில் அக்கா, அக்காவின் ஆறு வயது மகள், நான், இந்த மூன்று பேர்தான்.

வாவிக்குக் கிட்ட இருந்த கிணறுகளெல்லாம் உவர். அந்தத் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்காது, பருப்பு அவியாது, தேத்தண்ணீர் போட்டால் மேலே ஏடு கட்டும். எங்கள் ஒழுங்கையின் முடிவில் இருந்த பொதுக் கிணறு ஒன்றுதான் இனிப்பு. கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் இனிப்பு. மூன்று ஒழுங்கைப் பெண்கள் காலையும் மாலையும் குடத்தோடு அங்கே வந்து நிற்பார்கள். "கரும்புத் தண்ணி" என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த கருவி நாக்கு ஒன்றுதான். சீதனமாகப் பேசிய வளவைப் பார்க்க வருகிற சம்பந்தி வீட்டார்கூட, கூரையைப் பார்க்க முன்னர் கிணற்றடிக்குப் போய் ஒரு கை அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். நாக்குச் சரி என்று சொன்னால் எல்லாம் சரி.

அந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில்தான் கந்தோர்க்காரர் ஒரு பொதுக் கக்கூசு கட்டினார்கள். சந்தைக்கு வருகிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டுமாம். நிலத்தில் குழிகளை வெட்டி, மேலே தகரம் அடித்து, சுண்ணாம்பும் பூசி, பெரிய மனிதர் ஒருவருக்கு மாலை போட்டு அவரைக் கொண்டு திறந்தும் வைத்தார்கள். நான் எட்டு வைத்து அளந்து பார்த்தேன். குழியிலிருந்து கிணற்றுக்கட்டு வரை பதினாறு எட்டு. தரை சரிந்திருந்ததும் கிணற்றின் பக்கம். இதைக் கண்டுபிடிக்க எஞ்சினியர் தேவையில்லை. ஒரு செம்புத் தண்ணீரை அந்த மண்ணில் ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கிற புத்தி போதும். அந்த அளவு புத்தி அவர்களிடம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் அந்தக் கிணற்றில் அவர்கள் வீட்டுக் குடம் எதுவும் இறங்கவில்லை, அதுதான் விஷயம்.

முதலாவது மாரி முடிந்தபோதே தண்ணீரில் ஒரு மாதிரியான வாடை வந்தது. எனக்கு மட்டுமா வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பெண்களிடம் சொன்னபோது, "புது மழைத் தண்ணி அப்பிடித்தான் ரீச்சர், ரெண்டு நாளில தெளிஞ்சிரும்" என்றார்கள். தெளிந்தது. இனிப்பும் அப்படியே இருந்தது. பிறகு யார் பேச்சைக் கேட்பார்கள்?

நான் மனு எழுதத் தொடங்கினேன். முதலாவதை இங்கிலீசில் எழுதினேன். தமிழில் எழுதினால் அதை மொழிபெயர்க்க ஆள் கிடைக்கும்வரை தூங்குமாம். இங்கிலீசில் எழுதியதும் நன்றாகத்தான் தூங்கியது. இரண்டாவது மனுவுக்கு ஒழுங்கைப் பெண்களின் கைநாட்டை வாங்கினேன். மைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினபோது என்னைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. "பெருவிரலை வைச்சா எங்கட வளவ எழுதி எடுத்திர மாட்டீங்களே, ரீச்சர்?" என்று ஒருத்தி கேட்க, கிணற்றடி முழுவதும் சிரித்தது. என்றாலும் வைத்தார்கள். கக்கூசின் நாற்றம் அவர்களுக்கும் பிடிக்கவில்லை. தண்ணீர் கெட்டது என்பதைத்தான் அவர்கள் நம்பவில்லை.

அந்த மனுவை நேரே கொண்டுபோய்த் தலைமைக் கிளாக்கரின் மேசையில் வைத்தேன். அவர் ரேகைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொம்பிளையள் கிணத்தடியில கதைக்கிறதெல்லாத்தையும் கந்தோருக்குக் கொண்டுவந்தா, நாங்க எந்த வேலையப் பாக்கிற ரீச்சர்?"

"இதுவும் உங்கட வேலைதான் ஐயா" என்றேன்.

அவர் மனுவை ஒரு கட்டுக்கு அடியில் செருகினார். மேலே வைக்கவில்லை, அடியில். அந்தக் கை போன போக்கை நான் மறக்கவேயில்லை. வீட்டுக்கு வந்து மூன்றாவது மனுவை எழுதினேன். இதற்கும் பதில் இல்லையென்றால் கொழும்புக்கு எழுதுவேன் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். கொழும்பு என்ற சொல் வேலை செய்தது. சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றுத் தண்ணீரை எடுத்து, சோதனைக்காகக் கொழும்புக்கு அனுப்புவார் என்று நாளும் குறித்து அறிவித்தல் வந்தது. அது ஒரு புரட்டாதி மாதத்துப் பள்ளிக்கூட நாள்.

இந்த இடத்தில் அக்காவின் விருந்துப் பானையைப் பற்றிச் சொல்லவேண்டும். கிணற்றுத் தண்ணீர் இனிப்பாக இருந்தாலும் கலங்கல் என்றேன் அல்லவா? கலங்கல் தண்ணீரை வீட்டுக்கு வருகிறவருக்குக் கொடுப்பது அக்காவுக்குப் பெரிய மானக்கேடு. அதற்காகவே காத்தான்குடிப் பக்கத்திலிருந்து பீப்பாய் வண்டியில் தண்ணீர் கொண்டுவரும் ஒரு முஸ்லிம் காக்காவிடம் கிழமைக்கு ஒரு குடம் வாங்குவாள். கடற்கரை மணலில் தோண்டிய கிணற்றுத் தண்ணீர் அது, கண்ணாடி போல இருக்கும். பீப்பாய் வாடை போவதற்காக அதைக் கொதிக்கவைப்பாள். ஆறினதும், தேத்தாங்கொட்டையை உள்ளே உரைத்த புதுப் பானையில் ஊற்றி வெள்ளைத் துணியால் வாயைக் கட்டுவாள். அந்தக் கொட்டையின் பசை பட்டால் மிச்சமிருக்கும் தூசியும் அடியில் படிந்துவிடும். வீட்டு ஆட்கள் யாரும் அந்தப் பானையைத் தொடக்கூடாது. ஒரு நாள் மகள் தாகத்தில் அதற்குள் சுண்டுப் பேணியை விட்டு மொண்டாள் என்று முதுகில் ஒன்று வைத்ததை நானே கண்டேன். வருகிறவருக்கு வடித்த தண்ணீர், பெற்ற பிள்ளைக்குக் கிணற்றுத் தண்ணீர். அக்காவை மட்டும் குறை சொல்லவில்லை. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் இதே நடைமுறைதான்.

அக்காவின் மகளுக்கு மட்டும் நான் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்கவைத்து ஆறவைத்துக் கொடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் படிப்பித்துவிட்டு வீட்டில் அதைச் செய்யாமல் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது. அக்கா சிரிப்பாள்.

"வெந்த தண்ணிக்கு உசிரில்ல புள்ள. அத குடிச்சு எப்பிடி வளரும் இது?"

"வளந்தாப் பாத்துக்கொள்ளுங்க" என்பேன்.

பரிசோதகர் வரும் அன்று காலை, குடையை எடுத்துக்கொண்டு படலையைத் திறந்தபோது நான் திரும்பி அக்காவிடம் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவிருக்கிறது.

"அக்கா, ஐயா வந்தா நல்லாக் கவனிச்சு அனுப்புங்க. கோவிச்சுக்கொண்டு போயிட்டாரெண்டா இன்னும் ஒரு வருசம் காத்துக்கிடக்கணும்."

பின்னேரம் வந்ததும் முதல் கேள்வியே அதுதான். வந்தாராம். தங்கமான மனிசனாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினாராம். போத்தல் என்ன ஆனது என்று கேட்டேன்.

"கழுத்து மட்டும் நிறைச்சுக் குடுத்தன்" என்றாள் அக்கா.

எனக்கு அவ்வளவு சந்தோசம். எந்தத் தண்ணீர் என்று கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. கிணற்றைச் சோதிக்க வந்தவர் கிணற்றுத் தண்ணீரைத்தானே கொண்டுபோவார்?

ஒரு மாதம் கழித்து, நான் முதலில் சொன்ன கடிதம் வந்தது. தண்ணீர் தெளிவானது, தீங்கானது எதுவும் அதில் காணப்படவில்லை, குடிக்க உகந்தது. மனுதாரர் இனிமேல் ஆதாரமில்லாத கதைகளால் பொதுமக்களைக் கலவரப்படுத்தாமல் இருக்கவேண்டும் என்று கீழே புத்திமதியும் இருந்தது. அது போதாதென்று இரண்டு நாளில் ஆள் வந்து, "குடிதண்ணீர்" என்று எழுதிய பலகையைக் கிணற்றடித் தூணில் அறைந்துவிட்டுப் போனான். பலகையைக் கண்டு நான்காவது ஒழுங்கைப் பெண்களும் குடத்தோடு வரத் தொடங்கினார்கள்.

நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இப்போது எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் கந்தோர்க்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை. நான் அந்தக் கடிதத்தை நம்பினேன். மூக்கு அறிந்ததை, கால் எட்டால் அளந்ததை, எல்லாவற்றையும் ஒரு தாளுக்காக விட்டுக்கொடுத்தேன். கொழும்பில் கண்ணாடிக் குழாய்களோடு இருப்பவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். கிணற்றடியில் கேலி கூடியது. "ரீச்சர், கொழும்புக்காரரும் கரும்பெண்டுதானே சொல்லிப்போட்டாங்க?" எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றையிலிருந்து கேத்தில் தேத்தண்ணீருக்கு மட்டும்தான் அடுப்பில் ஏறியது. மகள் மற்றப் பிள்ளைகளைப் போல வாளியிலிருந்து அள்ளிக் குடித்தாள். அவளுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

ஐப்பசி கடைசியில் மாரி பிடித்தது. கார்த்திகையில் ஒழுங்கை முழுவதும் கணுக்கால் தண்ணீர். கக்கூசுக் குழிகள் நிரம்பி வழிந்தன, கிணறு கட்டு மட்டத்துக்கு ஏறியது, கயிறு இல்லாமல் கையால் மொள்ளலாம் என்று பெண்கள் சந்தோசப்பட்டார்கள். மார்கழி பிறந்து கொஞ்ச நாளில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது.

முதலில் மழைக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தோம். ஒரு கிழமை போயும் இறங்கவில்லை. ஆசுபத்திரி அப்போதிக்கரி ஐயாவை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். அவர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், நெருப்புக் காய்ச்சல், இங்கிலீசில் டைபாய்ட் என்றார். அந்தப் பெயரைக் கேட்டதும் அக்கா துணியை நனைக்க ஓடினாள். அந்தக் காய்ச்சல் பிள்ளைகளை எப்படிக் கொண்டுபோகும் என்று எங்கள் ஒழுங்கைக்குத் தெரியும்.

"பிள்ளை எந்தத் தண்ணி குடிக்கிறது?" என்று அவர் கேட்டார்.

"ஒழுங்கைக் கிணத்துத் தண்ணி. ஆனா அது சோதிச்ச தண்ணி ஐயா, கடிதம் இருக்கு" என்று நான் பெட்டியைத் திறக்கப் போனேன்.

ஈரத்துணியை மகளின் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்த அக்கா, தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அந்தப் போத்தலுக்குள்ள நான் கிணத்துத் தண்ணி ஊத்தல்ல."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. பரிசோதகர் அன்று சைக்கிளில் வெயிலுக்குள் வந்திருக்கிறார். அக்கா கதிரையை இழுத்துப் போட்டு, விருந்துப் பானையிலிருந்து பித்தளைச் செம்பில் தண்ணீர் கொடுத்திருக்கிறாள். அவர் மடமடவென்று குடித்துவிட்டு, "நல்ல தண்ணியா இருக்கே, இதுக்கா உங்கட தங்கச்சி மனு எழுதினது?" என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்குப் பெருமை. இது வேறு தண்ணீர் என்று சொல்ல அந்தப் பெருமை விடவில்லை. அவர் போத்தலைச் சைக்கிளிலிருந்து எடுத்து, "அப்ப இதையும் நிறைச்சுக் கொண்டாங்க" என்று நீட்டியிருக்கிறார். கிணற்றடி அங்கிருந்து கூப்பிடு தூரம். கதிரையை விட்டு அவர் எழும்பவேயில்லை.

"கொழும்புக்குப் போற தண்ணி எண்டாரு" என்றாள் அக்கா. "கலங்கலா அனுப்பினா அங்க உள்ளவங்க நம்மட ஊரப் பத்தி என்ன நினைப்பாங்க? போத்தல்லயும் ஒரு மாதிரி மருந்து வாசம். புளியும் சாம்பலும் போட்டு நல்லாக் கழுவிட்டுத்தான் ஊத்தினன். நீதானே புள்ள நல்லாக் கவனிச்சு அனுப்பச் சொன்ன?"

கொழும்பில் சோதித்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. போத்தலுக்குள் இருந்தது நல்ல தண்ணீர்தான், அவர்கள் உண்மையைத்தான் எழுதினார்கள். நாலு ஒழுங்கைச் சனம் குடித்ததோ வேறு தண்ணீர். இரண்டுக்கும் நடுவில் கதிரையில் உட்கார்ந்திருந்த அந்த மனிதருக்குச் சம்பளம் கொடுத்ததே எழும்பிப் போய்க் கயிற்றைப் பிடிப்பதற்குத்தான். அக்காவுக்கு எழுத்தறிவில்லை, சோதனை என்றால் என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நானும் சொல்லவில்லை. பரிசோதகருக்கும் தெரிந்திருந்தது. அதை இன்றைக்கும் நான் மன்னிக்கவில்லை.

மகள் பிழைத்தாள். பார்லி அரிசிக் கஞ்சியும் தேசிக்காய்த் தண்ணீருமாக மூன்று கிழமை இழுத்தடித்து, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, எலும்பாக எழும்பி உட்கார்ந்தாள். அத்தான் வயலை விட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே கிடந்தார். காய்ச்சல் விட்ட பிறகு ஒரு காலை அக்கா குசினிக்குள்ளிருந்து கூப்பிட்டாள். மகள் திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். அப்போதும் இல்லை. நான் அவளுக்குப் பின்னால் போய் இரண்டு சட்டி மூடிகளை அடித்தேன். அவள் சன்னலுக்கு வெளியே காகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டது.

நான் கந்தோருக்குப் போனேன். எப்படி நடந்து போனேன் என்று தெரியாது. நடந்ததையெல்லாம் தலைமைக் கிளாக்கரிடம் சொன்னேன். போத்தல் தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீர் அல்ல, இன்னொரு தரம் எடுத்துச் சோதியுங்கள், அதுவரை கிணற்றை மூடுங்கள் என்று கேட்டேன். ஒழுங்கையில் இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றும் சொன்னேன். அவர் கடிதக் கோவையை எடுத்து மெதுவாகப் புரட்டினார்.

"கிணத்துத் தண்ணி எண்டு பரிசோதகர் எழுதிக் கையெழுத்து வைச்சிருக்கார். நீங்க இல்லையெண்டு சொல்றீங்க. அப்ப உங்கட அக்கா அரசாங்கத்த ஏமாத்தினதா நாங்க எழுதட்டா?"

கோவையை மூடிவைத்தார்.

"போய்ப் பிள்ளையைப் பாருங்க ரீச்சர். அடுத்த வருசம் பாப்பம்."

ஏமாற்றியது யாராம்! வெளியே வந்து பாலத்தடியில் நின்று அழுதேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். அந்த மேசையில் இருந்த மைக்கூட்டை அவர் கோவையின் மேல் கவிழ்த்துவிட்டு வந்திருக்கலாமே என்று இன்றைக்கும் என் கை அரிக்கும்.

கிணற்றடிக்கும் போய்ச் சொன்னேன். பெண்கள் மகளுக்காக உண்மையாகவே கண்ணீர் விட்டார்கள். விட்டுவிட்டு வாளியை இறக்கினார்கள். "காய்ச்சல் அம்மாளின்ட கோவம் ரீச்சர். தண்ணி என்ன செய்யும்? குடிச்சுப் பாருங்க, எப்பிடி இருக்கெண்டு." பலகை அவர்கள் தலைக்கு மேலே இருந்தது. அதில் எழுதியிருந்ததை வாசிக்கத் தெரியாதவர்கள்கூட அதைக் கையால் காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் மகளின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். "நாக்குச் சொன்னாத்தானே நம்புவாங்க?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த நாள் காலை அக்கா தேத்தண்ணீர்க் கோப்பையை என்னிடம் நீட்டியபோது அவள் கையில் மண்ணெண்ணெய் மணத்தது. விளக்குக்கு வைத்திருந்த தகரம் மூலையில் வெறுமையாகக் கிடந்தது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் கிணற்றடியில் கூக்குரல் கேட்டது.

முதல் வாளியைத் தூக்கினவள் வாயில் விட்டுத் துப்பியிருக்கிறாள். மற்றவள் மணந்து பார்த்திருக்கிறாள். நாங்கள் போனபோது இருபது பேருக்கு மேல் கூடி, எந்தப் பாவி செய்த வேலை என்று மண்ணை அள்ளித் தூற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா கூட்டத்துக்குள் போய் நின்றாள்.

"நான்தான் ஊத்தினன். இனிக் குடிக்க மாட்டீங்கதானே?"

அவளைத் திட்டிய திட்டை நான் எழுதமாட்டேன். பக்கத்து வளவுக்காரி அன்றையிலிருந்து ஒரு வருடம் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அன்று ஒரு குடமும் அந்தக் கிணற்றில் நிரம்பவில்லை. பீப்பாய்க் காக்காதான் விசயத்தைக் கேள்விப்பட்டு, மாட்டை விரட்டிக்கொண்டு இரண்டு நடை வந்து, ஒழுங்கை முழுவதற்கும் தண்ணீர் ஊற்றினார்.

மூன்று மனுவுக்கு அசையாத கந்தோர் அன்று மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டது. பரிசோதகர் முன்னால், பொலிசுக்காரர் ஒருவர் பின்னால். கதிரை தேடவில்லை, நேரே கிணற்றடிக்கு வந்தார். சட்டைக் கையை மடித்தார். புதுப் போத்தலின் வாயில் சுற்றியிருந்த கடதாசியைப் பிரித்தார், கழுத்தில் கயிற்றைக் கட்டினார், தானே குனிந்து கிணற்றுக்குள் இறக்கினார். போத்தலில் ஒட்டியிருந்த துண்டை நான் அப்போதுதான் கிட்ட நின்று வாசித்தேன். போத்தலைக் கழுவக்கூடாது, எடுக்கும் உத்தியோகத்தர் தன் கையால் நேரே கிணற்றிலிருந்து நிரப்பவேண்டும் என்று சுத்தமான இங்கிலீசில் அச்சடித்திருந்தது. முதல் போத்தலிலும் அது இருந்திருக்கும். அக்கா அதைத்தான் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள்.

அவர் போத்தலைத் தூக்கி மணந்தார். முகம் கோணியது.

"சீ! இத மனிசர் குடிக்க ஏலுமா?"

"ஏலாது ஐயா" என்றாள் அக்கா. "இதத்தான் என்ட தங்கச்சி மூணு தரம் எழுதிக் கேட்டவ."

அவர் அவளைப் பார்க்கவில்லை. பொலிசுக்காரரிடம் அக்காவின் பெயரை எழுதச் சொன்னார். மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை சத்தத்துக்குள்ளும் அவளுக்கு வாய்கள் அசைவது மட்டும்தான் தெரிந்திருக்கும்.

கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். மண்ணெண்ணெய்க்காக. கக்கூசைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை, அது இருந்த இடத்திலேயே இன்னும் பல வருடம் இருந்தது. அக்காவைக் கோட்டுக்குக் கூப்பிட்டு எச்சரித்து விட்டார்கள். குடிப்பதற்கு உகந்த பொதுக் கிணற்று நீரைக் கெடுத்தமை என்று கந்தோர் அவளுக்கு அனுப்பிய தாளையும் நான் முதல் கடிதத்தோடு சேர்த்துக் கட்டி வைத்தேன். இரண்டிலும் ஒரே கையெழுத்து. அக்கா கடைசிவரை விருந்துப் பானையை மறுபடி வைக்கவில்லை. வருகிறவருக்கும் வீட்டுக்கும் ஒரே பானை, ஒரே கொதித்த தண்ணீர். கந்தோர் உத்தியோகத்தர் வந்தால் தண்ணீர் கொடுப்பதையே விட்டுவிட்டாள்.

மகளுக்கு எழுத வாசிக்க நான்தான் வீட்டில் வைத்துப் படிப்பித்தேன். அவள் வளர்ந்து, கல்யாணமும் முடித்த பிறகு, ஒரு நாள் என் பெட்டியைத் துப்புரவாக்கும்போது அந்த இரண்டு தாளும் அவள் கையில் அகப்பட்டன. இரண்டையும் மடியில் விரித்து, விரலை வைத்து வரி வரியாக வாசித்தாள். பிறகு மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள். தன் குரல் தனக்குக் கேட்காததால் அவள் எப்போதும் உரத்துத்தான் பேசுவாள். அன்றும் தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள்.

"ரெண்டிலயும் என்னப் பத்தி ஒண்டும் இல்லயா, சின்னம்மா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.